பிள்ளையாருக்குப் பித்தளைக் கவசம்: முதன்முறை தகடு தட்டுபவர்களுக்கு

எங்கள் தெருமுனைப் பிள்ளையார் ஒன்றரை அடி உயரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் சின்னக் கோயில். வெள்ளிக் கவசம் சாத்தும் வசதி தெருவுக்கு இல்லை. பித்தளையிலாவது ஒன்று செய்து சாத்த வேண்டும் என்ற ஆசையில்தான் நான் தகடு தட்டக் கற்றுக்கொண்டேன். அதே ஆசை உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலையாக முகத்தை எடுக்காதீர்கள். துதிக்கையும் கண்ணும் பல வருடப் பழக்கம் கேட்பவை. வயிற்றிலிருந்து தொடங்குங்கள். அது ஒரே ஒரு குழிவு. தகட்டு வேலையின் அடிப்படை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

அளவு

குருக்களிடம் சொல்லி, அபிஷேகம் முடிந்து திருமேனியைத் துடைத்த பிறகு, அவர் கையாலேயே ஒரு செய்தித்தாளை வயிற்றின் மேல் வைத்து அழுத்தித் தரச் சொல்லுங்கள். ஓரங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மடிப்புக்கு அரை அங்குலம் கூடுதலாக விடுங்கள். உள்ளே வேட்டி கட்டியிருக்கும் என்பதால் ஒரு விரல் இடைவெளியும் வேண்டும். காகிதம் எந்தெந்த இடத்தில் சுருங்கி மடிந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தகடும் அங்கேதான் சுருங்கப் பார்க்கும்.

தகடு

கடையில் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த தகடாகக் கேளுங்கள். குளிர்ந்த நிலையில் தட்டி வளைக்க ஏற்ற கலவை அது. கடைசல் வேலைக்கான ஈயம் கலந்த பித்தளை வேண்டாம், தட்டினால் கீறிவிடும். கனம் 22 கேஜ், அதாவது சுமார் 0.7 மில்லிமீட்டர். ஓர் அடி சதுரம் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை வரும். கத்தரியால் வெட்டியதும் ஓரம் முழுவதையும் அரத்தால் ராவிவிடுங்கள். வெட்டிய பிசிறு கையையும் கிழிக்கும், பிறகு விரிசலுக்கும் அதுவே தொடக்கமாகும்.

சுட்டு இளக்குவது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பித்தளை ஒவ்வோர் அடிக்கும் இறுகும். இறுகிய தகட்டை மேலும் அடித்தால் கிழியும். அதனால் அடிப்பது, சுடுவது, மறுபடி அடிப்பது என்று மாறி மாறித்தான் போக வேண்டும்.

வெயிலில் சுடாதீர்கள்; நிறம் தெரியாது. மாலை மங்கிய பிறகு, திறந்தவெளியில், கேஸ் டார்ச்சைத் தகடு முழுவதும் பரவலாக ஓட்டுங்கள். மங்கிய சிவப்பு எட்டிப் பார்த்ததும் நெருப்பை விலக்க வேண்டும். ஆரஞ்சு நிறம் வரை விட்டுவிட்டால் துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். சிவப்பு மறைந்த பின் தண்ணீரில் போட்டு, புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேயுங்கள். ஆங்காங்கே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். மேற்பரப்பில் துத்தநாகம் குறைந்து செம்பு தலைகாட்டுகிறது, அவ்வளவுதான். மெருகு போடும்போது போய்விடும்.

குழிவு

வேப்பங்கட்டை ஒன்றின் தலையில் கிண்ணம் போல் குழி வெட்டிக்கொள்ளுங்கள். தகட்டை அதன் மேல் வைத்து, உருண்டை முனைச் சுத்தியால் நடுவிலிருந்து சுருள் சுருளாக வெளியே வாருங்கள். ஓர் அடியின் தடத்தில் பாதியை அடுத்த அடி மூட வேண்டும். ஆழம் வேண்டுமென்று ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் தகடு அங்கே காகிதம்போல் மெலிந்துவிடும்.

கண்ணைவிடக் காதை நம்புங்கள். இளகிய தகடு 'தொப், தொப்' என்று அடங்கிய சத்தம் தரும். கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு கணீர் கலக்கும். சுத்தியும் கையில் துள்ளத் தொடங்கும். எனக்குக் கற்றுத்தந்த ஆசாரி எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தபடியே, "சத்தம் ஏறிவிட்டது, நிறுத்து" என்பார். உடனே மறுபடி சுட வேண்டும். சாண் அகல வயிறு ஒன்றை நாலு விரல் ஆழத்துக்குக் கொண்டுவர எனக்கு ஆறு முறை சுட வேண்டியிருந்தது.

ஓரத்தில் அலை விழும். நீங்கள் காகிதத்தில் குறித்த இடங்களாகவே அவை இருக்கும். அலை மடிப்பாக மாறுவதற்குள், கட்டையின் விளிம்பில் வைத்து மரச்சுத்தியால் அடக்கிவிடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று மடிந்துவிட்ட பித்தளையைப் பிரித்தால் அந்தக் கோட்டிலேயே முறியும். வடிவம் வந்ததும், வழவழப்பான இரும்புக் குமிழ் மேல் கவிழ்த்து மெல்லத் தட்டி மேடு பள்ளங்களைச் சமன் செய்யுங்கள்.

அலங்காரம்

குங்கிலியத்தைச் சிறுதீயில் உருக்கி, ஏறக்குறைய சம அளவு சலித்த செங்கல் பொடியும் சிறிது எண்ணெயும் சேர்த்தால், உளி வேலையின்போது தகட்டைத் தாங்கிப்பிடிக்கும் அரக்கு தயார். ஆறியதும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாகத் தடம் விழ வேண்டும். உடைந்தால் எண்ணெய் போதவில்லை. அமுங்கிக்கொண்டே போனால் பொடி போதவில்லை. சூடான அரக்கு தோலில் ஒட்டினால் கொப்புளம் நிச்சயம், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

குழிவில் அரக்கை ஊற்றி ஆறவிடுங்கள். முதல் அலங்காரமாக உதரபந்தம், அதாவது வயிற்றுக்குக் குறுக்கே ஓடும் பட்டை, எடுக்கலாம். வயிற்றின் குறுக்கே அரை விரல் இடைவெளியில் இரண்டு கோடுகள் வரைந்து, முனை மழுங்கிய உளியால் அந்தக் கோட்டிலேயே நடந்து செல்லுங்கள். உளி லேசாகப் பின்சாய்ந்திருக்க, சிறுசிறு தட்டல்களாக, நிற்காமல் போனால் கோடு அறுபடாது. கூர்மையான உளி தகட்டை வெட்டிவிடும். பிறகு அரக்கை இளக்கி எடுத்து, மண்ணெண்ணெயால் துடைத்து, தகட்டை மறுபடி சுடுங்கள். இப்போது கவிழ்த்து அரக்கில் பதித்து, கோடுகளுக்கு நடுவே உருண்டை முனை உளியால் உள்பக்கத்திலிருந்து வரிசையாகக் குத்தினால் முன்பக்கம் மணிகள் எழும். கடைசியாகத் திருப்பிப் பதித்து ஒவ்வொரு மணியையும் சுற்றி ஓரம் கட்டுங்கள். அந்த ஓரம் விழுந்த பிறகுதான் மணி மணியாகத் தெரியும்.

ஒரு விரிசல்

என் முதல் கவசத்தைப் புரட்டாசியில் முடித்து, உறவினர் வீட்டு மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்தேன். கார்த்திகை மழை ஓய்ந்து எடுத்தபோது, கயிறு கோக்கும் துளையிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல். யாரும் தொடவில்லை, கீழேயும் விழவில்லை. காரணம் பின்னால்தான் புரிந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் இப்படித்தான் தாமாக விரிசல் விட்டன. தட்டிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா ஈரத்தோடு சேரும்போது அந்த இறுக்கமே தகட்டைப் பிளந்துவிடும். விளிம்பு மடிப்பது உட்பட எல்லாத் தட்டல் வேலையும் முடிந்த பின் 250 முதல் 300 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் உள்ளிறுக்கம் தணியும், கடினமும் குறையாது. இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கவசத்தை மாட்டுக்கொட்டகை அருகிலும் வைக்காதீர்கள்.

முடிப்பு

விளிம்பை உள்பக்கமாக மடித்துத் தட்டுங்கள். துளைகளின் பிசிறை ராவுங்கள். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தபின் நிறையத் தண்ணீரில் அலசி உடனே துடைக்க வேண்டும். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் ஈரப் பித்தளை இரண்டே நாளில் கறுக்கும்.

கடைசியாக ஒரு பழைய பருத்தி வேட்டியை உள்விளிம்பு நெடுக இழுத்துப் பாருங்கள். எங்காவது நூல் சிக்கினால் அங்கே மறுபடி அரம் போடுங்கள். எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தால், குருக்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.