வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்டுவது எப்படி

கடும் வெயிலிலோ உலையருகிலோ உழைப்பவர்கள் தண்ணீரை மறப்பதில்லை, உப்பைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக 2 முதல் 2.5 கிராம் உப்பு வெளியேறும். ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். சிலருக்கு 1 கிராம்தான் போகும், சிலருக்கு 4 கிராமைத் தாண்டும். சட்டை காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு படிந்தால் உங்களுக்கு உப்பு அதிகம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்து பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். இரண்டு மணி நேரம் வேலை செய்தபின், உடம்பைத் துடைத்துவிட்டு, நனைந்த உடையைக் கழற்றி மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். அதோடு இடையில் குடித்ததைக் கூட்ட வேண்டும், கழித்த சிறுநீரைக் கழிக்க வேண்டும். 70 கிலோ 69.2 ஆகி, நடுவில் 1 லிட்டர் குடித்திருந்தால் போன வியர்வை 1.8 லிட்டர், அதாவது மணிக்கு 0.9 லிட்டர். இப்படி ஆறு மணி நேரம் உழைத்தால் 5.4 லிட்டர் போகும், கூடவே சுமார் 11 முதல் 13 கிராம் உப்பும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது அறிவுரையோடு இதை ஒப்பிட்டால் இழப்பின் அளவு புரியும்.

இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்ட வேண்டியது சாப்பாடு. வெயிலில் பசி மந்திக்கும். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு வெறும் தண்ணீரிலேயே பொழுதை ஓட்டுகிறவர்தான் மாலையில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு உட்காருகிறார். வழக்கம்போல உப்புப் போட்ட உணவை வேளை தவறாமல் சாப்பிட்டு, ஓரிரு மணி நேரமே வியர்க்கிறவருக்குத் தண்ணீரே போதும். மணிக்கணக்கில் வியர்வை கொட்டும் நாளில்தான் உப்புக் கலந்த பானம் தேவை.

அதைக் கலக்க 1 லிட்டர் சுத்தமான நீர், தலைதட்டிய கால் தேக்கரண்டி தூள் உப்பு (சுமார் 1.5 கிராம்), தலைதட்டிய 4 தேக்கரண்டி சர்க்கரை போதும். சர்க்கரை ருசிக்காக மட்டும் அல்ல. குடல் சுவர் உப்பிலுள்ள சோடியத்தையும் சர்க்கரையிலுள்ள குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது, நீர் அவற்றின் பின்னால் போகிறது. கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் கணக்கு தவறும், எடை போட்டுக்கொள்ளுங்கள். கலந்ததைக் குடித்துப் பாருங்கள்: கண்ணீரைவிடக் கரித்தால் உப்பு கூடிவிட்டது. 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர், சுமார் 200 மில்லி குடிக்கலாம். தண்ணீரும் பானமும் எல்லாம் சேர்த்து மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது.

உப்பு மாத்திரையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது வயிற்றைப் புரட்டும், வாந்தி வந்தால் இருந்த நீரும் போய்விடும்.

வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது இன்னும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும், மூளையில் நீர் கோத்து வீங்கும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் தெரிந்து, வேலை தொடங்கும்போது இருந்ததைவிட எடையும் கூடியிருந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தசை இழுத்தால் வேலையை நிறுத்தி, நிழலில் அமர்த்தி, தசையை மெல்ல நீட்டிவிடுங்கள். மேலே சொன்ன பானத்தையோ, மருந்துக்கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரை) கரைசலையோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதித் தூளைத் தம்ளரில் தோராயமாகக் கொட்டுவது வேண்டாம். வலி நின்றாலும் சில மணி நேரம் பளு தூக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். உடல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. அப்போது பானத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள், அது வரும்வரை உடம்பெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

அதிகக் கவனம் வேண்டியது முதல் வாரத்தில். வெப்பத்துக்குப் பழக உடலுக்கு 7 முதல் 14 நாள் பிடிக்கும். பழகியபின் வியர்வை கூடும், ஆனால் அதில் உப்பு குறையும், ஏனென்றால் வியர்வைச் சுரப்பி சோடியத்தைத் திரும்ப உறிஞ்சக் கற்றுக்கொள்கிறது. புதியவருக்கு முதல் நாள் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வேலை கொடுத்து, தினமும் அதே அளவு கூட்டுங்கள். நீண்ட விடுப்பு முடிந்து வருபவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அவரையும் முதல் நாளே முழு நேர வேலைக்கு விடாதீர்கள்.

இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிறுநீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களும் இந்த அளவுகளைத் தாங்களாகவே பின்பற்றக் கூடாது. எடை பார்த்து எழுதிய கணக்கை மருத்துவரிடம் காட்டி, உப்பும் நீரும் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.