முத்தின் பின்னே போங்கள்: ஒரு பழைய துப்பறியும் படத்தைப் பார்க்கும் முறை

பழைய துப்பறியும் படம் என்றாலே குற்றவாளி யார் என்று கடைசிக் காட்சிவரை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் பலரும் திரைக்கு முன் உட்காருகிறார்கள். ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் 1944இல் வெளியிட்ட 'தி பேர்ல் ஆஃப் டெத்' என்ற ஷெர்லாக் ஹோம்ஸ் படத்தை அந்த எண்ணத்தோடு பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். திருடன் யார், அவனுடைய கூட்டாளி யார், திருடப்பட்ட பொருள் எது என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே நம் முன் வைத்துவிடுகிறார்கள். ஆகவே இந்தப் படத்தைப் பார்ப்பதற்கு ஒரு விதியை மட்டும் மனத்தில் கொண்டால் போதும்: ஆளைத் தேட வேண்டாம், பொருளைத் தொடர வேண்டும். திருடப்படும் பொருளான போர்ஜியா முத்து இந்த நிமிடத்தில் யாரிடம் இருக்கிறது, அது அங்கே இருப்பது யாருக்குத் தெரியும் என்று கேட்டுக்கொண்டே போனால், 69 நிமிடப் படம் ஒரு கணக்குப்போலப் பிரிந்து விளங்கும்.

பேசில் ராத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் அவருடைய நண்பர் வாட்சனாகவும் நடித்த படங்கள் மொத்தம் 14; அவற்றில் இது ஒன்பதாவது. முதல் இரண்டும் 1939இல் வேறொரு நிறுவனத்திலிருந்து வந்தவை. மற்ற பன்னிரண்டையும் யுனிவர்சல் எடுத்தது. அவற்றில் பதினொன்றை இயக்கியவர் ராய் வில்லியம் நீல். பன்னிரண்டிலும் ஹோம்ஸ் குதிரை வண்டிக் காலத்திலிருந்து 1940களின் லண்டனுக்கு இடம்பெயர்ந்துவிடுகிறார்; காரும் தொலைபேசியும் மின்சார எச்சரிக்கை மணியும் இருக்கும் உலகம் அது. அந்த மணிதான் இந்தப் படத்தில் கதையைத் திருப்புகிறது என்பதால் இதைச் சொல்கிறேன்.

பார்ப்பதற்கு முன் தொலைக்காட்சியைக் கொஞ்சம் சீராக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் காலப் படங்களின் சட்டகம் ஏறத்தாழ நான்குக்கு மூன்று என்ற அளவிலானது. அகலத் திரையில் பார்க்கும்போது இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுவதுதான் முறை. நான் முதன்முதலில் பார்த்தது, நண்பர் ஒருவர் கொடுத்த பிரதியைத் திரை முழுக்க நிரம்பும்படி இழுத்து வைத்த தொலைக்காட்சியில். ராத்போனின் கத்திபோன்ற முகம் அதில் அகன்று ஒரு மளிகைக் கடைக்காரரின் முகமாகிவிட்டது. அவரை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள் என்று இரண்டு ஆண்டுகள் எனக்குப் புரியவில்லை. திரை அளவை மூல அளவுக்கு மாற்றுங்கள். அசைவுகளைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் 'மோஷன் ஸ்மூதிங்' வசதியையும் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 சட்டகமாக எடுக்கப்பட்ட படம் அதில் மாட்டினால் தொலைக்காட்சித் தொடர்போல ஆகிவிடும். அறை விளக்கையும் அணைக்க வேண்டும். படத்தின் பாதி வேலையை நிழல்களே செய்கின்றன. குழல்விளக்கு வெளிச்சத்தில் அந்த நிழல்கள் வெறும் சாம்பல் திட்டுகளாகத்தான் தெரியும். பிரதியைத் தேர்ந்தெடுக்கும்போது, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத் திரைப்படக் காப்பகம் மீட்டமைத்த வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள். இந்த வரிசையின் வேறு சில படங்களுக்கு நிறமூட்டிய பிரதிகளும் உண்டு. அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். குறிப்பும் வேண்டாம், பின்னோக்கி ஓட்டவும் வேண்டாம். இனிமேல் நான் எழுதுவதெல்லாம் இரண்டாம் முறைக்கானது. கதை முழுவதும் இதில் வெளிப்பட்டுவிடும் என்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து தொடரலாம்.

இரண்டாம் முறை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். முதலாவதில் நிமிடம், இரண்டாவதில் முத்து இருக்கும் இடம், மூன்றாவதில் அது யாருக்குத் தெரியும் என்பது. பலரும் இரண்டாம் பத்தியோடு நின்றுவிடுவார்கள். ஆனால் இயக்குநரின் கைத்திறன் முழுக்க மூன்றாம் பத்தியில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் வரும் கப்பல் காட்சியையே எடுத்துக்கொள்வோம். லண்டன் அருங்காட்சியகத்துக்கு முத்தைக் கொண்டுவருபவரிடமிருந்து நயோமி டிரேக் என்ற பெண் அதைத் திருடுகிறாள். சுங்கச் சோதனைக்கு அஞ்சி, முத்தைத் தன் புகைப்படக் கருவிக்குள் மறைத்து, அதைக் கொண்டுபோய்த் தரும்படி வயதான பாதிரியார் ஒருவரிடம் கொடுக்கிறாள். பாதிரியாரும் பணிவோடு கொண்டுபோய்த் திருப்பித் தருகிறார். அவள் தன் தலைவன் கைல்ஸ் கானோவரிடம் வந்து திறந்தால் உள்ளே முத்து இல்லை. பாதிரியார் வேடத்தில் இருந்தவர் ஹோம்ஸ். இந்த ஐந்தாறு நிமிடங்களுக்கு மூன்றாம் பத்தியில் என்ன எழுதுவீர்கள்? முத்து இருக்கும் இடம் திருடிக்குத் தெரியும், நமக்கும் தெரியும் என்றுதான் முதல் முறை நினைத்திருப்போம். உண்மையில் ஹோம்ஸுக்கு மட்டுமே எல்லாம் தெரியும். நம்மைத் திருடர்களின் பக்கத்தில் உட்காரவைத்து அவர்களோடு சேர்த்தே ஏமாற்றியிருக்கிறார்கள். பாதிரியார் தள்ளாடி நடக்கும் நடையை இரண்டாம் முறை பார்க்கும்போது அது நன்றாகப் புரியும்.

அடுத்த காட்சியை மட்டும் மூன்று நான்கு முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முத்து அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது. அதன் பொறுப்பாளர் தம்முடைய மின்சாரப் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பெருமையோடு காட்டுகிறார். ஹோம்ஸுக்கு அந்தப் பெருமை பொறுக்கவில்லை. மின்சாரத்தை நம்புவது எவ்வளவு பொய்யான பாதுகாப்பு என்று சொல்லாலேயே குத்திவிட்டு, அதை நிரூபிப்பதற்காகத் தாமே எச்சரிக்கை மணியின் இணைப்பைத் துண்டித்துக் காட்டுகிறார். தொழிலாளி வேடத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த கானோவருக்கு அந்தச் சில நொடிகளே போதும். முத்தை எடுத்துக்கொண்டு சன்னல் வழியே ஓடிவிடுகிறான். திருட்டுக்கு வழிதிறந்தது துப்பறிவாளரின் கை. இந்தக் காட்சியில் ராத்போனின் விரல்களையும் குரலையும் கவனியுங்கள். மேடையேறிய வித்துவான் தன் ஆலாபனையில் தானே மயங்குவதுபோல அவர் குரலில் ஒரு சுகம் ஏறிக்கொண்டே போகும். பின்னர் மணி ஒலிக்காமலேயே அது அறுந்துவிடும். நாகரிகமும் மிடுக்கும் நிறைந்த துப்பறிவாளர்களைப் பற்றிய படங்கள் எத்தனையோ உண்டு. அந்த மிடுக்கையே குற்றத்துக்குக் காரணமாக்கிய படம் என்பதால்தான் இந்த வரிசையில் இதை நான் உயரத்தில் வைக்கிறேன். கானோவர் பிடிபடுகிறான், ஆனால் முத்து அவனிடம் இல்லை. ஆதாரம் இல்லாததால் அவனை விட்டுவிடுகிறார்கள். செய்தித்தாள்கள் ஹோம்ஸைக் கிழிக்கின்றன.

இங்கிருந்து உங்கள் நோட்டின் இரண்டாம் பத்தி வெறுமையாகிவிடும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்றாம் பத்தியில் ஒரே ஒரு பெயர் நிற்கும்: கானோவர். அதற்குப் பதிலாக நான்காவதாக ஒரு பத்தி வரைந்து, அடுத்தடுத்து நடக்கும் கொலைகளின் இடங்களில் உடைந்து கிடப்பது என்ன என்று எழுதத் தொடங்குங்கள். கொல்லப்பட்டவர்களின் முதுகெலும்பு ஒரே இடத்தில், மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பில், முறிந்திருக்கிறது. உடலைச் சுற்றிலும் பீங்கான் சில்லுகள். பைத்தியக்காரனின் வேலை என்று காவல்துறை ஆய்வாளர் லெஸ்ட்ரேட் எண்ணக்கூடிய குப்பை அது. ஹோம்ஸ் அந்தச் சில்லுகளைப் பிரித்து ஒட்டிப் பார்க்கும்போது, எல்லா வீட்டிலும் பொதுவாக ஒரு பொருள் இருக்கிறது: நெப்போலியனின் மார்பளவுச் சிலை. ஒரு சிலையை உடைத்ததை மறைப்பதற்காக ஒரு வீட்டுப் பீங்கான் முழுவதையும் உடைத்திருக்கிறார்கள். தப்பி ஓடிய கானோவர் வழியில் ஒரு சிலைப் பட்டறைக்குள் புகுந்து, இன்னும் காயாதிருந்த ஆறு சிலைகளில் ஒன்றுக்குள் முத்தைச் செருகியிருக்கிறான். அந்தச் சிலைகள் போய்ச் சேர்ந்த வீடுகளில்தான் கொலைகள் நடக்கின்றன. சிலை வார்க்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நீரில் கலந்த அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறுகிவிடக்கூடியது. அவன் சிறிது நேரம் பிந்தி ஓடியிருந்தால் கதையே கிடையாது.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, ஆர்தர் கோனன் டாயில் 1904இல் வெளியிட்ட ஆறு நெப்போலியன்களின் சிறுகதையைப் படித்துவிட்டு வரும்படி சொல்வேன். படம் முடிந்த பிறகு படிக்கலாமே என்றால், படிக்கலாம். ஆனால் நடுவில் படித்தால்தான், திரைக்கதை எழுதிய பெர்ட்ரம் மில்ஹவுசர் என்ன செய்திருக்கிறார் என்பது உறைக்கும். மூலக்கதையில் முதலில் வருவது சிலைகள். லண்டனில் யாரோ ஒருவன் நெப்போலியன் சிலைகளை மட்டும் தேடித்தேடி உடைக்கிறான். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கடைசிப் பக்கங்களில் ஹோம்ஸ் ஆறாவது சிலையைப் பத்துப் பவுண்டுக்கு வாங்கி உடைத்த பிறகே போர்ஜியாக்களின் கரிய முத்து வெளிவருகிறது. படம் இதைத் தலைகீழாக்கிவிட்டது: முத்தை முதலில் காட்டிச் சிலையை மறைத்துவிட்டது. கதையில் வாசகர் எதைத் தேடுகிறார்கள் என்று கேட்கிறார். படத்தில் பார்வையாளர் எங்கே தேடுவது என்று கேட்கிறார். துப்பும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. கதையில் திருடன் சிலையைத் திருடிய வீட்டிலேயே உடைக்காமல், பக்கத்தில் உள்ள ஆளில்லாத வீட்டின் முன் கொண்டுபோய் உடைக்கிறான். அங்கே தெருவிளக்கு இருக்கிறது என்பதை ஹோம்ஸ் சுட்டிக்காட்டுகிறார். உடைப்பவனுக்கு வெளிச்சம் தேவைப்படுகிறது என்றால், அவன் உடைப்பதற்காக உடைக்கவில்லை, உள்ளே எதையோ பார்க்கிறான். எனக்கு அந்தத் தெருவிளக்கு படத்தின் பீங்கான் சில்லுகளைவிட ஒரு படி மேலாகவே தோன்றுகிறது. ஆனால் சில்லுகள் கண்ணுக்குத் தெரியும், ஒலி எழுப்பும், திரைக்கு அவையே பொருத்தம்.

கானோவருக்காகக் கொலைகளைச் செய்யும் 'கிரீப்பர்' பாத்திரத்தைத் திரை எப்படி வைத்துக் காட்டுகிறது என்பதற்குத் தனியாக ஒரு முறை பார்க்கலாம். அவன் முகத்தைக் கடைசிப் பகுதிவரை நாம் பார்ப்பதில்லை. நிழலும் உருவக்கோடும் மட்டுமே. ஒவ்வொரு முறையும் ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டால், அறையில் உள்ள மற்றவர்களுக்கு விழும் ஒளிக்கும் இவனுக்கு விழும் ஒளிக்கும் உள்ள வேறுபாடு தெரியும். இந்த வேடத்தில் நடித்த ராண்டோ ஹாட்டனுக்கு அக்ரோமெகலி என்ற, எலும்புகளை அளவுக்கு மீறி வளர்த்து முகத்தை மாற்றிவிடும் நோய் இருந்தது. ஒப்பனை இல்லாத அந்த முகத்தையே நிறுவனம் பயங்கரப் பொருளாக விற்றது. 1946இல் அவர் இறந்துவிட்டார். அவரைப் பார்க்கும்போது அச்சத்தோடு ஒரு சங்கடமும் வருவது இயல்பு; அதை ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

வாட்சனைப் பற்றி ஒரு சொல். நைஜல் புரூஸ் அவரைக் கோமாளியாக்கிவிட்டார் என்று கதைகளைப் படித்தவர்கள் குறைப்படுவார்கள், நியாயமான குறைதான். ஆனால் இந்தப் படத்தில் ஹோம்ஸ் தோற்றுப்போன மனிதராக அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது, அவருடைய பக்கத்தில் தடுமாறும் நண்பர் ஒருவர் இருப்பது அந்தத் தோல்வியின் கனத்தைத் தாங்கக்கூடியதாக்குகிறது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் தெருக் காட்சி ஏதாவது ஒன்றில் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு இருவரின் குரலை மட்டும் கேளுங்கள். 1939 முதல் 1946 வரை இருவரும் இதே வேடங்களை அமெரிக்க வானொலியிலும் நடித்துவந்தார்கள். ஒருவர் மூச்சு விடும் இடத்தில் மற்றவர் நுழையும் பழக்கம் அங்கே ஊறியது.

இறுதிக் காட்சியில் என்ன நடக்கும் என்று பதற வேண்டியதில்லை. 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்த ஹாலிவுட் தயாரிப்பு நெறிகளின்படி குற்றவாளி தண்டனை பெறாமல் படம் முடிய முடியாது. அன்றைய பார்வையாளருக்கும் அது தெரியும். ஆகவே கானோவர் எப்படி வீழ்வான் என்பதை மட்டும் கவனியுங்கள். கடைசிச் சிலையை வாங்கிய மருத்துவரின் வேடத்தில் காத்திருக்கும் ஹோம்ஸ் மாட்டிக்கொள்கிறார். அவர் கையில் அப்போது இருப்பது பேச்சு ஒன்றுதான். நயோமியின் மேல் கிரீப்பருக்கு உள்ள ஊமைப் பற்றை அறிந்து, அவள் தூக்குமேடைக்குப் போகக் கானோவரே காரணம் என்று அவன் காதில் விழும்படி பேசுகிறார். கிரீப்பர் தன் தலைவன் பக்கம் திரும்புகிறான். அருங்காட்சியகத்தில் முத்தை இழக்கவைத்த அதே நாக்கு இங்கே உயிரைக் காக்கிறது. இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். முதலாவதில் தம் பேச்சைத் தாமே ரசித்தவர், இரண்டாவதில் கேட்பவனின் முகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

முத்து வெளிவந்த பிறகு, பேராசையையும் அதிகாரவெறியையும் பற்றி ஹோம்ஸ் ஒரு சிறு உரை ஆற்றுவார். கதைக்கு அது சற்று அதிகம்தான். போர் நடந்துகொண்டிருந்த 1944இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களை நோக்கிப் பேசப்பட்டது என்று எண்ணிக் கேட்டால் உறுத்தாது.

நோட்டில் பக்கம் மிச்சமிருந்தால், இதே வரிசையில் 1946இல் வந்த 'டெரர் பை நைட்' படத்துக்கு அதே பத்திகளை வரைந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரப் படம். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு இரவில் ஓடும் ரயிலில் ஒரு பெரிய வைரம். அமெரிக்காவில் பதிப்புரிமை நீங்கியது என்பதால் எளிதில் கிடைக்கும். அதற்கு இரண்டாம் பத்தியை மட்டும் பேனாவால் எழுத வேண்டாம். பென்சிலால் எழுதி, பக்கத்தில் அழிப்பானையும் வைத்துக்கொள்ளுங்கள்.