எறிபொருள் இயக்கம்: கணக்கு எங்கே சறுக்குகிறது?

மேசை விளிம்பிலிருந்து ஒரு கோலிக்குண்டை மெதுவாக உருட்டி விடுங்கள். அடுத்து இன்னொன்றை இரண்டு மடங்கு வேகத்தில் உருட்டி விடுங்கள். விளிம்பைத் தாண்டியதிலிருந்து தரையைத் தொடும்வரை எதற்கு அதிக நேரம் ஆகும்? வகுப்பில் இதைக் கேட்கும்போதெல்லாம் பதில் இரண்டு கட்சியாகப் பிரியும். வேகமாகப் போவது சீக்கிரம் விழுந்துவிடும் என்பார்கள் சிலர். அது தூரமாகப் போக வேண்டுமே, அதனால் நேரம் கூடும் என்பார்கள் மற்றவர்கள். இரண்டிலும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் இரண்டுமே தவறு. இரண்டு குண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றுதான்.

மேசையின் உயரம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விழும் நேரத்தைத் தீர்மானிப்பவை அந்த உயரமும், 9.8 மீ/வி² என்கிற ஈர்ப்பு முடுக்கமும் மட்டுமே. போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 0.4 விநாடி வரும். அதற்குள் 2 மீ/வி வேகத்தில் போன குண்டு 80 செ.மீ. தள்ளி விழும். 4 மீ/வி வேகத்தில் போனது 1.6 மீட்டர் தள்ளி விழும். கிடைத்தள வேகம் கூடினால் விழும் இடம்தான் தள்ளிப்போகும், விழும் நேரம் மாறாது.

நம்பிக்கை வரவில்லையா? இரண்டு நாணயமும் ஓர் அளவுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகோலை மேசை விளிம்பில் சாய்வாக வையுங்கள், ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டிய முனையின் மேல் ஒரு நாணயம். மேசைமேல் இருக்கும் மறுமுனைக்கும் விளிம்புக்கும் நடுவே இன்னொரு நாணயம். அளவுகோலின் நடுப்பகுதியை ஒரு விரலால் லேசாக அழுத்திக்கொண்டு, நீட்டிய முனையை மேசைப்பக்கமாகச் சட்டென்று தட்டுங்கள். அளவுகோல் விரலைச் சுற்றித் திரும்பும். மேலே இருந்த நாணயம் அடியில் பிடிமானம் இழந்து நேராகக் கீழே விழும், மற்றது அடிபட்டு வெளியே பாயும். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேளுங்கள். தரையில் ஒரே ஒரு ‘டக்’ சத்தம். சூத்திரம் எதையும் எழுதுவதற்கு முன்னால் இந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கிடைத்தள இயக்கத்துக்கும் செங்குத்து இயக்கத்துக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டுக்கும் பொதுவானது கடிகாரம் மட்டும்தான். நான் பார்க்கும் விடைத்தாள்களில் வரும் தவறுகள் பெரும்பாலும் இதை மறந்ததால் வருபவை. பந்து 30 பாகைக் கோணத்தில் 20 மீ/வி வேகத்தில் எறியப்பட்டது என்று கேள்வி இருக்கும். உயரம் கண்டுபிடிக்க மாணவர் அந்த 20-ஐ அப்படியே செங்குத்துச் சமன்பாட்டில் போட்டுவிடுவார். மேல்நோக்கிய கூறு 10 மீ/வி மட்டுமே, கிடைத்தளக் கூறு 17.3 மீ/வி. தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் கிடைத்தளம், வலப்பக்கம் செங்குத்து என்று பிரித்து எழுதுங்கள். ஒரு பக்கத்து எண் மறுபக்கம் தாவக் கூடாது. நேரம் மட்டும் கோட்டைத் தாண்டலாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ‘கிடைத்தளம் என்றால் கொசைன், செங்குத்து என்றால் சைன்’ என்று மனப்பாடம் செய்வது. கோணத்தைத் தரையிலிருந்து அளந்தால்தான் அது சரி. செங்குத்துக் கோட்டிலிருந்து இத்தனை பாகை என்று கேள்வி சொன்னால் இரண்டும் இடம் மாறிவிடும். முக்கோணத்தை வரைந்து, கோணத்தை ஒட்டிய பக்கம் எது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கால்குலேட்டர் பாகைக்குப் பதிலாக ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு) இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். அதில் சைன் 30 என்று அடித்தால் 0.5 வராது, −0.988 வரும். மேலே எறிந்த பந்து கணக்கில் பூமிக்குள் பாய்ந்துவிடும்.

குறி என்னும் கண்ணி

மதிப்பெண்ணை அதிகம் பறிப்பது கழித்தல் குறிதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 24.5 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் சாய்வாக மேல்நோக்கி எறியப்படுகிறது. அதன் செங்குத்துக் கூறு 19.6 மீ/வி. தரையை எப்போது தொடும்?

மேல்நோக்கிய திசையை நேர்க்குறி என்று எடுத்துக்கொண்டால் முடுக்கம் −9.8. கல் கடைசியில் நிற்பது தொடங்கிய இடத்துக்குக் கீழே, ஆகவே இடப்பெயர்ச்சி −24.5. நேரத்தை ‘நே’ என்று குறித்தால், இடப்பெயர்ச்சி = தொடக்க வேகம் × நே + ½ × முடுக்கம் × நே². எண்களைப் போட்டால்:

−24.5 = 19.6 நே − 4.9 நே²

4.9-ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால் நே² − 4 நே − 5 = 0. தீர்வுகள் 5, −1. விடை 5 விநாடி.

இடப்பெயர்ச்சியில் கழித்தல் குறியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? நே² − 4 நே + 5 = 0 என்று வரும். இதற்கு மெய்யான தீர்வே கிடையாது. உண்மையில் நீங்கள் கேட்ட கேள்வி, ‘கல் கட்டடத்துக்கு மேலே இன்னும் 24.5 மீட்டர் உயரத்தை எப்போது தொடும்?’ என்பது. அது ஏறுவதே 19.6 மீட்டர்தான். ‘தொடவே தொடாது’ என்று சமன்பாடு சரியாகத்தான் பதில் சொல்கிறது. மூலக்குறிக்குள் கழித்தல் எண்ணைப் பார்த்துக் கணிதத்தில் தப்பு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், தப்பு நடந்தது முதல் வரியில்.

இதைவிட ஆபத்தானது அடுத்த வகை. எல்லாவற்றையும் நேர்க்குறியாகப் போட்டால் நே² + 4 நே − 5 = 0, விடை 1 விநாடி. பார்க்க அழகான முழு எண், யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் அது கல்லைக் கீழ்நோக்கி வீசினால் ஆகும் நேரம். மேல்நோக்கி எறிந்த கல் உச்சியை எட்டவே 2 விநாடி ஆகும்போது, 1 விநாடியில் தரைக்கு எப்படி வரும் என்று ஒரு கணம் யோசித்தாலே மாட்டிக்கொள்ளும்.

சரியான தீர்வில் வந்த −1-ஐ ‘நேரம் எதிர்க்குறியாக இருக்காது’ என்று அடித்துவிட்டுப் போகிறோம். அடிப்பது சரிதான், அதற்கும் ஒரு பொருள் உண்டு. இந்தக் கல் இதே பாதையில் தரையிலிருந்தே கிளம்பி வந்திருந்தால், கட்டடத்தின் உச்சியைக் கடக்கும் தருணத்துக்கு 1 விநாடி முன்னால் புறப்பட்டிருக்கும். சமன்பாட்டுக்குக் கட்டடம் இருப்பது தெரியாது, அதற்குத் தெரிந்தது முழுப் பரவளையம், அதாவது எறிந்த பொருள் வரையும் வளைகோடு. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உச்சியிலும் தரையிலும்

‘பெரும உயரத்தில் திசைவேகம் சுழி’ என்பது நேர் மேலே எறிந்த பொருளுக்கு மட்டும் பொருந்தும். சாய்வாக எறிந்தால் அங்கே சுழியாவது செங்குத்துக் கூறு மட்டுமே. 60 பாகையில் 20 மீ/வி வேகத்தில் எறிந்த பந்து உச்சியில் 10 மீ/வி வேகத்தில் கிடைத்தளமாகப் போய்க்கொண்டிருக்கும். முடுக்கமும் சுழி என்று சிலர் எழுதுவார்கள். உச்சியில் முடுக்கம் சுழியாகி அப்படியே நீடித்தால் பந்து திரும்பி இறங்கவே இறங்காது, அதே உயரத்தில் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். கையை விட்டதிலிருந்து தரையைத் தொடும்வரை முடுக்கம் 9.8 மீ/வி², கீழ்நோக்கி. இடையில் ஒரு கணமும் அது மாறாது.

தரையில் இதற்கு நேர்மாறான தவறு. விழுந்த பந்து நின்றுவிடுகிறதே என்று இறுதித் திசைவேகம் சுழி என்று போடுவார்கள். நம் சமன்பாடுகள் செல்லுபடியாவது தரையைத் தொடும் கணத்துக்குச் சற்று முன்புவரை. அந்தக் கணத்தில் பந்து நல்ல வேகத்தில் இருக்கும். அதை நிறுத்துவது தரை, அது வேறு கணக்கு.

விசைப் படம் வரையும்போது பந்து போகும் திசையில் ஓர் அம்புக்குறி போட்டு ‘எறிந்த விசை’ என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. கையை விட்டு நீங்கியதும் அந்த விசை முடிந்துபோயிற்று. வேகம் இருக்கிறது, விசை இல்லை. மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எறிந்த பொருளைக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்று அரிஸ்டாட்டில் கருதினார். எறிபவர் கொடுத்த ஓர் உந்தல் பொருளுக்குள்ளேயே தங்கியிருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். கலிலியோ 1608 வாக்கில் சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி, மேசையிலிருந்து தாவவிட்டு, எங்கே விழுகின்றன என்று அளந்து குறித்துவைத்தார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. பாதை பரவளையம் என்ற முடிவை 1638-இல் அச்சில் வெளியிட்டார். இத்தனை காலம் பிடித்த விஷயம் ஒரு பாடவேளையில் பிடிபடாமல் போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

45 பாகை எப்போது சரி?

பீரங்கிக் குண்டு அதிக தூரம் போக 45 பாகை என்று இத்தாலியரான தார்த்தாலியா 1537-லேயே எழுதிவிட்டார். அது இன்று மந்திரம்போல ஆகிவிட்டது. கிளம்பும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருந்து, காற்றுத் தடையும் இல்லாவிட்டால்தான் அது உண்மை. பாடநூலில் வரும் நெடுக்கச் சூத்திரமும் (நெடுக்கம், அதாவது கிடைத்தளத் தூரம் = வேகத்தின் இருமடி × சைன் 2θ ÷ ஈர்ப்பு முடுக்கம்; θ என்பது எறியும் கோணம்) ஒரே மட்டத்துக்கு மட்டும் உரியது. மேசை, மாடி, மலைமுகடு என்று கேள்வியில் வந்தால் அதைத் தொடாதீர்கள். மேலே கல்லுக்குச் செய்ததுபோல நேரத்தை முதலில் கண்டுபிடித்து, கிடைத்தளக் கூறோடு பெருக்குங்கள்.

குண்டு எறியும் வீரரின் கையிலிருந்து குண்டு 2 மீட்டர் உயரத்தில் 14 மீ/வி வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டால், அதிக தூரம் தரும் கோணம் ஏறத்தாழ 42.4 பாகை. தூரம் 21.9 மீட்டர். நிஜமான வீரர்கள் இதற்கும் தாழ்வான கோணத்திலேயே எறிகிறார்கள். செங்குத்தாகத் தள்ளத் தள்ள உடலால் கொடுக்க முடிகிற வேகம் குறைவதுதான் காரணம். நீளம் தாண்டுபவர்கள் கிளம்பும் கோணம் இன்னும் குறைவு, ஏறத்தாழ 20 பாகை.

30 பாகையும் 60 பாகையும் ஒரே நெடுக்கம் தரும் என்பது தெரிந்தவர்கள், நேரமும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 20 மீ/வி வேகத்தில் இரண்டும் 35.3 மீட்டரில்தான் விழும். ஆனால் 30 பாகைப் பந்து 2.04 விநாடியில் வந்துவிடும், 60 பாகைப் பந்துக்கு 3.53 விநாடி ஆகும்.

நிறைக்கு இந்தச் சமன்பாடுகளில் இடமே இல்லை. கேள்வியில் கிலோகிராம் கொடுத்திருந்தாலும் பாதையைக் காண அது தேவைப்படாது. காற்று இல்லாதவரை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 1971-இல் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார், இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன.

காற்று வந்துவிட்டால் கதை வேறு. இறகுப்பந்தை உயரத் தூக்கி அடித்துப் பாருங்கள். சாய்வாக ஏறும், ஆனால் இறங்கும்போது கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக இறங்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே நேரம், பாதையின் இரு பாதியும் சமச்சீர் என்பதெல்லாம் அங்கே செல்லாது. இதுபோல் வேகமாகப் பறக்கும் பொருள்களில் காற்றுத் தடை மொத்த வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. கிடைத்தள வேகம் கூடினால் செங்குத்துத் திசையில் உள்ள தடையும் கூடும். தாளின் நடுவே நாம் கிழித்தோமே ஒரு கோடு, அது அங்கே அழிந்துவிடுகிறது. அப்போது நேரத்தைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு திசைகளையும் சேர்த்தே கணினியில் கணக்கிட வேண்டியிருக்கும்.