கிங் ஆலிவரைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் கேட்கத் தொடங்கும் பலரும் லூயி ஆம்ஸ்ட்ராங்கில்தான் தொடங்குவார்கள். அவரைப் பற்றிப் படிக்கும்போது ஜோ ஆலிவர் என்ற பெயர் வரும். 'கிங்' ஆலிவர். நியூ ஆர்லியன்ஸில் பேர் வாங்கி, சிகாகோவுக்குப் போய் ஒரு குழுவை நடத்திய கார்னெட் கலைஞர் (கார்னெட், ட்ரம்பெட்டைப் போன்ற ஊதுகருவி). 1922-இல் தந்தி அடித்து ஆம்ஸ்ட்ராங்கை வரவழைத்து, தன் பக்கத்தில் இரண்டாவது கார்னெட்டாக நிறுத்திக்கொண்டவர். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று தேடிப்பிடித்து ஒரு இசைத்தட்டைப் போடுவார்கள். அரை நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

நானும் முதல் தடவை நிறுத்தினேன். போன் ஸ்பீக்கரில் கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்பது போலவும், யார் எதை வாசிக்கிறார் என்றே தெரியாதது போலவும் இருந்தது. திரும்பிப் போக இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது அவரைக் கேட்காமல் ஒரு வாரம் போனால் எதையோ விட்டது போல இருக்கிறது. இடையில் நான் செய்த தவறுகளையும், நான் கேட்கக் கொடுத்த நண்பர்கள் செய்த தவறுகளையும் எழுதுகிறேன். அந்த இரண்டு வருடத்தை நீங்களும் இழக்க வேண்டாம்.

இசைத்தட்டின் குறையை இசையின் குறையாக எடுத்துக்கொள்வது

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் தன் முதல் இசைத்தட்டுகளை 1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில் இந்தியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற ஊரில் பதிவு செய்தது. ஜென்னட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக. ஒரு பியானோ தொழிற்சாலை வளாகத்துக்குள் இருந்த சின்ன ஸ்டூடியோ அது. பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில் வந்தால் வேலையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

மைக் கிடையாது. மின்சாரப் பதிவு இசைத்தட்டுக்குப் பரவலாக வந்ததே 1925-இல்தான். அதற்கு முன்னால் ஒரு பெரிய புனல் போன்ற குழாயை நோக்கி எல்லோரும் வாசிப்பார்கள். அந்த ஒலியின் அதிர்வு மறுமுனையில் இருக்கும் ஊசியை அசைக்கும், ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். யாருடைய சத்தத்தைக் கூட்டுவது, யாருடையதைக் குறைப்பது என்பதற்கு ஒரே வழிதான்: குழாய்க்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது. ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்றவர்களை அமுக்கிவிட்டதால் அவரைப் பல அடி தள்ளி நிற்கவைத்தார்கள் என்று குழுவின் பியானோக் கலைஞர் லில் ஹார்டின் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தனியாக அவ்வளவு தூரத்தில் நின்ற அவர் முகம் வாடியிருந்ததாம். அடுத்த வருடம் அவரையே மணந்துகொண்டவர் லில், அதனால் அந்த முகம் நன்றாக நினைவிருந்திருக்கும்.

தாழ்ந்த சுரங்கள் அந்தக் குழாயில் ஏறாது. பலமான அடி விழுந்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் பேபி டாட்ஸ் தன் பெரிய ட்ரம்மை அடிக்க முடியாமல் பெரும்பாலும் மரக்கட்டைகளைத் தட்டிச் சமாளித்தார். பாஸ் வாசிக்கும் பில் ஜான்சன் அதை ஓரமாக வைத்துவிட்டு பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தைக் கையில் எடுத்தார். நாம் கேட்கும் பதிவில் 'டொக் டொக்' என்று வரும் ஓசை அந்த மரக்கட்டைதான். நியூ ஆர்லியன்ஸின் மிகச் சிறந்த தாளக் கலைஞர்களில் ஒருவரைக் கட்டையைத் தட்டவைத்த பதிவைக் கேட்டுவிட்டு, 'அந்தக் காலத்தில் தாளம் பலவீனம்' என்று சொல்வது நியாயமே இல்லை.

நேரமும் அப்படித்தான். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும். சிகாகோவில் லிங்கன் கார்டன்ஸ் என்ற நடன அரங்கில் இந்தக் குழு இரவு இரவாக வாசித்தது. ஆடுகிறவர்கள் நிறுத்தாத வரை பாட்டும் நிற்க வேண்டியதில்லை. அங்கே நீண்டு ஓடியதை இங்கே மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, போன் ஸ்பீக்கரை விட்டு ஹெட்போனுக்கு மாறுவது. அப்புறம், எந்தப் பதிப்பைக் கேட்கிறீர்கள் என்று பார்ப்பது. இணையத்தில் கிடைப்பதில் பாதி, இரைச்சலை நீக்குகிறேன் என்று கார்னெட்டின் பளபளப்பையும் சேர்த்து வழித்தெடுத்தவை. சிலவற்றில் செயற்கையாக எதிரொலியும் சேர்த்திருப்பார்கள். ஜான் ஆர். டி. டேவிஸ் என்ற ஆங்கிலேயர் பழைய தட்டுகளிலிருந்து எடுத்துத் தந்த பதிப்புகளையோ, ஆஃப் தி ரெக்கார்ட் என்ற பெயரில் வந்த 1923 பதிவுகளின் முழுத் தொகுப்பையோ தேடுங்கள். கொஞ்சம் 'கரகர' இருக்கும், இருக்கட்டும். அதே பாட்டை மோசமான பதிப்பிலும் நல்ல பதிப்பிலும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் சொல்வது ஒரே நிமிடத்தில் புரியும். மூல அச்சுகள் பெரும்பாலும் மிஞ்சவில்லை, தேய்ந்த தட்டுகள்தான் ஆதாரம். 'ஜூலூஸ் பால்' என்ற பதிவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் அறியப்பட்டிருக்கிறது.

'தனி' எப்போது வரும் என்று காத்திருப்பது

பாடகர் ஒருவர், பின்னால் வாத்தியங்கள் என்று கேட்டுப் பழகிய காது, இங்கேயும் ஒரு நாயகனைத் தேடும். பிற்கால ஜாஸ் கேட்டவர்களுக்கோ ஒருவர் முடிக்க இன்னொருவர் தொடங்கும் தனி வாசிப்பு பழக்கம். ஆலிவரின் குழுவில் பெரும்பாலும் இரண்டும் நடக்காது. இது கூட்டு இசை. ஆலிவரின் கார்னெட் மெட்டை நடுவில் பிடித்துக்கொண்டு போகும். ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் அதன் தோளோடு தோள் ஒட்டி வரும். ஜானி டாட்ஸின் கிளாரினெட் இரண்டுக்கும் மேலே ஏறி இறங்கும். ஹோனோரே டூட்ரேயின் ட்ராம்போன் கீழே இழுத்து இழுத்து வழிகாட்டும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுவதில்லை. அப்படி இருக்கக் காரணம் ஆலிவர். குழுத்தலைவரான அவர் நினைத்தால் எல்லாப் பாட்டிலும் முன்னால் வந்து நின்றிருக்கலாம். அவர் மெட்டைச் சுருக்கமாக, இடைவெளி விட்டு வாசித்தார். அந்த இடைவெளிகளில்தான் மற்ற மூவரும் வாழ்கிறார்கள்.

எனக்குப் பலன் தந்த வழி இது: 'கனால் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' பாட்டை நான்கு தடவை தொடர்ந்து போடுங்கள். முதல் தடவை கிளாரினெட்டை மட்டும் விரட்டுங்கள், உச்சியில் இருப்பதால் எளிது. இரண்டாவது தடவை ட்ராம்போன். மூன்றாவது, தலைமைக் கார்னெட். நான்காவது தடவை எதையும் தேடாமல் சும்மா கேளுங்கள். முதலில் இரைச்சலாகக் கேட்டது அப்போது விரிந்து நிற்கும்.

அப்புறம் 'ஸ்நேக் ராக்' கேளுங்கள். குழு முழுவதும் சட்டென்று நின்றுவிட, இரண்டு கார்னெட்டும் மட்டும் சேர்ந்து ஒரு சின்ன வரியை வாசித்துவிட்டு மறுபடி கூட்டத்தில் கலக்கும். இதற்கு 'பிரேக்' என்று பெயர். இரண்டு பேர் எப்படி எழுதி வைத்தது போல ஒத்து வாசிக்கிறார்கள் என்று சிகாகோவின் மற்ற கலைஞர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்களாம். வழியை ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் சொன்னார். கூட்டு வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்து வரப்போகும் பிரேக்கில் என்ன வாசிக்கப் போகிறார் என்பதை ஆலிவர் அவருக்கு முன்கூட்டியே காட்டிவிடுவார். ஆம்ஸ்ட்ராங் அதைப் பிடித்துக்கொண்டு அதற்கு இரண்டாவது குரலை மனதில் அமைத்துவிடுவார். இது தெரிந்த பிறகு கேட்டால், பிரேக்குக்கு முந்தைய சில நொடிகளில் காது தானாகக் கூர்மையாகிவிடும்.

எல்லாமே அந்த நேரத்தில் தோன்றியது என்று நினைப்பது

ஜாஸ் என்றால் கற்பனை வாசிப்பு, அதனால் ஒவ்வொரு சுரமும் அந்தக் கணத்தில் பிறந்தது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' பாட்டில் ஆலிவரின் தனி வாசிப்பு அதற்கு நேர்மாறான உதாரணம். பன்னிரண்டு பார் கொண்ட ப்ளூஸ் சுற்று மூன்று. கார்னெட்டின் விரிந்த முனையில் ம்யூட் என்ற ஒலியடக்கியை வைத்து, கையால் மூடித் திறந்து, 'வா... வா...' என்று மனிதக் குரல் போல அழவைக்கிறார். சுரங்கள் அதிகமில்லை. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அதன் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறார். ஏப்ரலில் ஜென்னட்டுக்காக வாசித்ததையும் அதே வருடம் ஜூனில் ஓகே நிறுவனத்துக்காக வாசித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். யோசித்துச் செதுக்கி வைத்திருந்த வாசிப்பு. 1925-இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழு இதே பாட்டை 'ஷுகர் ஃபுட் ஸ்டாம்ப்' என்ற பெயரில் பதிவு செய்தபோது, அதில் இருந்த ஆம்ஸ்ட்ராங் தன் குருவின் இந்தத் தனியைத்தான் வாசித்தார். அதன்பின் இந்தப் பாட்டைத் தொட்ட ட்ரம்பெட் கலைஞர்கள் பலரும் இதை வாசிக்காமல் விட்டதில்லை. முன்பே அமைத்தது என்பதால் இதன் மதிப்பு எனக்குக் கூடத்தான் செய்கிறது.

தற்செயலாக வந்தது வேறொன்று. ஆலிவரின் மூன்றாவது சுற்று முடியும் இடத்தில் ஒரு குரல், 'அட, வாசி அதை!' என்ற பொருளில் கத்தும். அது பாஞ்சோவில் இருந்த பில் ஜான்சன். அந்த இடத்தில் வர வேண்டிய பிரேக்கைத் தான் மறந்துவிட்டதாகவும், ஜான்சன் சமயோசிதமாகக் கத்தி அந்த இடைவெளியை நிரப்பியதாகவும் பேபி டாட்ஸ் சொல்லியிருக்கிறார். அந்தக் கூவல் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. பிற்காலப் பதிவுகளிலும் யாராவது ஒருவர் கத்துவார்.

ஆம்ஸ்ட்ராங்கின் முன்னுரையாக மட்டும் பார்ப்பது

ஆம்ஸ்ட்ராங்கின் முதல் பதிவான தனி 'சைம்ஸ் ப்ளூஸ்' பாட்டில் இருக்கிறது. அதற்காக மட்டும் அந்தத் தட்டைப் போட்டு, அந்தச் சில நொடிகளைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆம்ஸ்ட்ராங்கே அப்படிக் கேட்டிருக்க மாட்டார். வாழ்நாள் முழுவதும் 'பாப்பா ஜோ' என்றுதான் ஆலிவரைக் குறிப்பிட்டார். தன் வாசிப்பின் வேர் அங்கே இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆலிவர் திறந்த இன்னொரு வழியும் இருக்கிறது, அதை மறந்துவிடுகிறோம். பப்பர் மைலி என்ற இளைஞர் சிகாகோவில் ஆலிவரின் ம்யூட் வாசிப்பைக் கேட்டு, அதில் தன் உறுமலைச் சேர்த்துக்கொண்டார். அவர் பிறகு ட்யூக் எலிங்டன் குழுவில் சேர்ந்தார். 1920-களின் எலிங்டன் பதிவுகளில் பேசுவது போல ஒலிக்கும் ட்ரம்பெட் அவருடையது. ஆம்ஸ்ட்ராங் என்ற ஒரு கிளையை மட்டும் பார்த்தால் இந்த உறவு கண்ணில் படாது.

சின்னச் சின்னத் தவறுகள் இரண்டு. 'கிரியோல்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு எல்லோரும் நியூ ஆர்லியன்ஸ் கிரியோல்கள், அதாவது அந்த ஊரின் பிரெஞ்சுப் பின்னணி கொண்ட கலப்புச் சமூகத்தார், என்று எழுதாதீர்கள். அது விளம்பரத்துக்கு எடுபடும் பெயர். லில் ஹார்டின் மெம்ஃபிஸ்காரர். அப்புறம், கார்னெட்டும் ட்ரம்பெட்டும் ஒன்றல்ல. கார்னெட்டின் குழாய் படிப்படியாக விரிவது, அதனால் ஒலி கொஞ்சம் உருண்டையாக, மென்மையாக இருக்கும். ஆலிவரின் ம்யூட் வேலை இந்த மென்மையின் மேல்தான் நடக்கிறது.

கடைசி வருடங்களை வைத்து முழு வாழ்க்கையையும் அளப்பது

ஆலிவரின் முடிவு கஷ்டமானது. ஈறு நோயால் பற்கள் போயின. கார்னெட் வாசிப்பவருக்கு அது கை போனது போல. 1927-இல் நியூயார்க்கில் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் வாசிக்க வாய்ப்பு வந்தபோது சம்பளம் போதாது என்று மறுத்தார். அந்த இடத்துக்கு எலிங்டன் வந்தார். 1930-களில் தெற்கு மாநிலங்களில் குழுவோடு அலைந்து, கடைசியில் ஜார்ஜியாவின் சவானாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் துப்புரவு வேலை செய்தார். 1938 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். அவருடைய சகோதரி தன் கைப்பணத்தைப் போட்டு உடலை நியூயார்க்குக்கு வரவழைத்து, பிராங்ஸில் உட்லான் கல்லறையில் அடக்கம் செய்தார். கல் வைக்கப் பணம் மிஞ்சவில்லை.

இதைப் படித்ததும் மனம் கனக்கும். ஆனால் இந்தச் சோகத்தை 1923 பதிவுகளின் மேல் போர்த்தாதீர்கள். அந்த இசையில் சோகமே இல்லை. தன் குழுவும் தானும் உச்சத்தில் இருப்பது தெரிந்த ஒரு மனிதர் ஆட்டக்காரர்களுக்காக வாசிக்கிறார்.

பிற்காலத் தட்டுகளைக் கேட்கும்போது வேறொரு எச்சரிக்கை தேவை. 1929, 1930-இல் விக்டர் நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகளில் தலைப்பில் ஆலிவர் பெயர் இருந்தாலும், முன்னணி ட்ரம்பெட் பல இடங்களில் அவருடையது அல்ல. லூயி மெட்காஃப், ஆலிவரின் உறவினரான டேவ் நெல்சன் போன்றவர்கள் வாசித்தார்கள். அவர்கள் வாசிப்பை வைத்து ஆலிவர் தேய்ந்துவிட்டார் என்றோ தேறிவிட்டார் என்றோ சொல்ல முடியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் யார் வாசித்தார் என்ற விவரத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூன் 28 அன்று பதிவு செய்த அந்தப் பாட்டை, அதன் தொடக்கத்தில் தனியாகப் பாய்ந்து வரும் ட்ரம்பெட்டை, ஜாஸ் கேட்கும் எல்லோருக்கும் தெரியும். மெட்டு ஆலிவருடையது. அவர் தன் குழுவோடு அதே மாதம் 11-ஆம் தேதியே அதைப் பதிவு செய்துவிட்டார். அதில் அந்தப் பாய்ச்சல் கிடையாது. மெட்டு நிதானமாக, நடந்து வருவது போல வரும். முதலில் 11-ஆம் தேதிப் பதிவைக் கேளுங்கள், மெட்டு மனதில் தங்கும்வரை இரண்டு மூன்று தடவை. பிறகு 28-ஆம் தேதிக்குப் போங்கள்.