பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது ஆடியோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் நல்ல பாட்டு கேட்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. கார் ஓட்டுவதற்குத்தான், ஓட்டும்போது பாட்டும் இருந்தால் இன்னும் சந்தோஷம். ஆனால் 1960களில் வந்த ஒரு காருக்கு ரேடியோ என்றால் டேஷ்போர்டு நடுவே ஒரு பெட்டி, ஒரே ஒரு ஸ்பீக்கர், சில வாட் சத்தம், அவ்வளவுதான். அதன் வயரிங்கும் சார்ஜிங்கும் அந்த அளவுக்கே போடப்பட்டவை. புதுக் காரில் மாட்டுவதைப் போலவே இதிலும் மாட்டிவிடலாம் என்று இறங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இந்த வேலைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். நாளைக்கே மொத்த ஆடியோவையும் கழற்றினால் கார் பழையபடி இருக்க வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி இந்த ஒன்றை மறந்ததால் வருபவை. மீதிப் பாதி, காரின் மின்சாரத்தைத் தெரிந்துகொள்ளாமல் வயரில் கை வைப்பதால் வருபவை.

எர்த் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் தொடங்குவது

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இதில் தவறினால் புது ஸ்டீரியோ நொடியில் போய்விடும். வயர் எரியவும் வாய்ப்பு உண்டு. இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இது தலைகீழ்; பாசிட்டிவ் முனைதான் எர்த். 1962இல் வந்த எம்ஜிபி, 1967 கடைசியில் மார்க் 2 வரும் வரை பாசிட்டிவ் எர்த்தாகவே இருந்தது. ஜாகுவார் இ-டைப்பில் 3.8 லிட்டர் கார்கள் பாசிட்டிவ் எர்த். 1964இல் வந்த 4.2 லிட்டர் கார்கள் நெகட்டிவ் எர்த்.

சரி, வயரை மாற்றிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. புது ஸ்டீரியோவின் உலோகக் கூடு உள்ளே நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. அதை பாசிட்டிவ் எர்த் காரின் டேஷ்போர்டில் திருகினால், கூடு பாடியைத் தொட்ட கணமே ஷார்ட் சர்க்யூட். கூட்டைச் சுற்றி ரப்பர் ஒட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு. அவர்கள் மறப்பது ஏரியல் வயரை. ஏரியல் வயரின் வெளிப்பின்னல் ஒரு முனையில் ஸ்டீரியோவின் கூட்டோடும், மறுமுனையில் ஏரியலின் அடிப்பகுதி வழியாக பாடியோடும் சேர்ந்திருக்கிறது. கூட்டை எவ்வளவு கவனமாக மூடினாலும் ஏரியலைச் சொருகியதும் அதே ஷார்ட்தான். யுஎஸ்பி வயரின் உலோக முனை கியர் லீவரில் பட்டாலும் அதே கதை.

இதற்கு நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது. பேட்டரி இணைப்பை மாற்ற வேண்டும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவைப் புதுத் திசைக்குப் பழக்க ஃபீல்டு முனையில் ஒரு கணம் மின்சாரம் காட்ட வேண்டும், இக்னிஷன் காயிலின் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும், அம்மீட்டர் இருந்தால் அதையும் திருப்ப வேண்டும். எலக்ட்ரானிக் டேக்கோமீட்டரும் மின்சாரக் கடிகாரமும் தனிக் கவனம் கேட்கும். பேட்டரியை மட்டும் திருப்பிப் போட்டால் இவை கெட்டுவிடலாம். இரண்டாவது வழி, உள்ளீடும் வெளியீடும் ஒன்றையொன்று தொடாத ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டு, அதிலிருந்து சின்ன ப்ளூடூத் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றை மட்டும் ஓட்டுவது. அப்போதும் ஆம்பின் உடல் பாடியில் படாமல் வைக்க வேண்டும். காரின் அசல் தன்மை முக்கியம் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

போர்ஷ 356 போன்ற கார்களில் இன்னொரு விஷயம்: அவற்றில் பெரும்பாலானவை 6 வோல்ட்; புது ஸ்டீரியோவுக்கு வேண்டியது 12. அங்கும் கன்வெர்ட்டர்தான் வழி. மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்து, வோல்ட்டையும் எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதையும் பார்த்த பிறகே கடைக்குப் போங்கள். முந்தைய சொந்தக்காரர் எதையாவது மாற்றியிருக்கலாம். புத்தகத்தில் உள்ளதை மட்டும் நம்ப வேண்டாம்.

டைனமோவின் கணக்கைப் போடாமல் பெரிய ஆம்ப் வாங்குவது

அந்தக் கால எம்ஜிபியில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. மழை பெய்யும் இரவை நினைத்துப் பாருங்கள். ஹெட்லைட் 8 முதல் 10 ஆம்பியர், இக்னிஷன் 3 அல்லது 4, வைப்பர் 2 அல்லது 3, பின்விளக்கும் மீட்டர் விளக்கும் சேர்ந்து 2. ஹீட்டர் ஃபேனையும் போட்டால் மிச்சம் எதுவுமே இல்லை.

இந்த நிலையில் சேனலுக்கு 50 வாட் உண்மையாகவே தரும் நாலு சேனல் ஆம்பை, அதுவும் பழைய ஏபி வகையில் வாங்கினால், முழுவீச்சில் அது 30 ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். பாட்டு எப்போதும் முழுவீச்சில் ஓடாது என்பது உண்மைதான், ஆனாலும் அந்தக் கார் தாங்கும் சுமை அல்ல இது. டி வகை ஆம்ப் அதே சத்தத்துக்கு மிகக் குறைவான மின்சாரத்தையே எடுக்கும், சூடும் குறைவு, கையடக்கமாக சீட்டுக்குப் பின்னாலோ டேஷ்போர்டுக்கு உள்ளேயோ போய்விடும். பழைய காருக்கு அதுதான் பொருத்தம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் '4 x 50 வாட்' என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். ஸ்டீரியோவின் பின்னால் 10 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தால், 14 வோல்ட்டில் அது உள்ளே இழுக்கக்கூடியதே 140 வாட்தான். அதில் ஒரு பகுதி சூடாகப் போக, தொடர்ந்து கிடைப்பது சேனலுக்கு 15 முதல் 20 வாட். இது குறை இல்லை. ஸ்பீக்கரை ஒழுங்காகத் தேர்ந்தால் இதுவே தாராளம். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் டெசிபெலில் போட்டிருப்பார்கள். 86 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 60 வாட் கொடுத்தால் வரும் சத்தம், 92 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 15 வாட்டிலேயே வந்துவிடும். டைனமோ காரில் பணத்தை ஆம்பில் போடாமல் இந்த எண்ணில் போடுங்கள்.

டேஷ்போர்டை வெட்டுவது

இன்றைய ஸ்டீரியோவின் டின் (DIN) எனும் பொது அளவுத் திறப்பு 182 x 53 மில்லிமீட்டர். பழைய கார்களின் டேஷ்போர்டில் இருப்பதோ நடுவில் சின்ன செவ்வகம், இரு பக்கமும் குமிழ்களுக்கான இரண்டு துளைகள். இடையில் இருக்கும் தகரத்தை வெட்டிவிட்டால் ஸ்டீரியோ உட்கார்ந்துவிடும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைச் சரிசெய்யப் பிறகு டேஷ்போர்டு முழுவதையும் வெளியே எடுக்க வேண்டிவரும். வெல்டிங், பெயின்ட், சில கார்களில் கிடைக்கவே கிடைக்காத மேலுறை என்று நீளும்.

வெட்டாமலே முடிக்க இப்போது நிறைய வழி இருக்கிறது. இரண்டு குமிழ் அமைப்பிலேயே ப்ளூடூத்தோடு ரெட்ரோசவுண்ட் போன்றவர்கள் ஸ்டீரியோ செய்கிறார்கள். பழைய தோற்றத்தில் டின் அளவில் வேண்டுமென்றால் பிளாபுங்ட் பிரெமன் இருக்கிறது. போர்ஷவே தன் பழைய கார்களுக்கென்று தொடுதிரையோடு ஒரு ஸ்டீரியோ விற்கிறது. இவை எதுவும் வேண்டாம் என்றால் அசல் ரேடியோவை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, ப்ளூடூத் ஆம்பை ஒளித்துவைத்து ஃபோனிலிருந்தே பாட்டை ஓட்டலாம். பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த தீர்வு.

அசல் ரேடியோவின் உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டுப் புது சர்க்யூட் போட்டுத் தருபவர்களும் உண்டு. சாதாரண ரேடியோ என்றால் பரவாயில்லை. நன்றாக வேலை செய்யும் அரிய பெக்கர் ரேடியோவைக் கொடுத்துவிடாதீர்கள்.

கதவில் ஓட்டை போட்டு ஸ்பீக்கர் மாட்டுவது

கதவு அட்டையில் 165 மில்லிமீட்டர் வட்டம் வெட்டிய பழைய கார்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். அட்டை போனது ஒருபுறம். கண்ணாடியை இறக்கினால் அது ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கும் என்பதை மாட்டிய பிறகுதான் பலரும் கவனிக்கிறார்கள். பழைய கார்களில் கண்ணாடி ஓரமாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது கீழே உள்ள வடிகால் துளை வழியாக வெளியேறும். அந்தத் தண்ணீர் பாதையில் காகிதக் கோன் ஸ்பீக்கரை வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

கால் வைக்கும் பகுதியின் பக்கச்சுவர், டேஷ்போர்டின் அடிப்பகுதி, சீட்டுக்குப் பின்னால் தனிப் பெட்டி என்று மாற்று இடங்கள் இருக்கின்றன. அசல் ஸ்பீக்கர் ஜாலி டேஷ்போர்டின் நடுவில் ஒன்றே ஒன்று என்றால், இரண்டு வாய்ஸ் காயில் கொண்ட ஒற்றை ஸ்பீக்கர் கிடைக்கிறது. இடது சேனல் ஒரு காயிலுக்கு, வலது சேனல் இன்னொன்றுக்கு. இடது, வலது வயர்களை ஒன்றாக முறுக்கிச் சாதாரண ஸ்பீக்கர் ஒன்றில் கொடுப்பது ஸ்டீரியோவைக் கொல்லும் வழி.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு. பழைய வயரிங்கில் ஸ்பீக்கரின் ஒரு முனை பாடியில் எர்த் ஆகியிருக்கலாம். புது ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கர் வயர் எதுவுமே எர்த் கிடையாது. நெகட்டிவ் என்று எழுதியிருக்கும் வயருக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால், பாட்டு ஓடாதபோதும் ஏறக்குறைய 6 வோல்ட் காட்டும். அதை பாடியில் இணைத்தால் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் ஐசி (சிப்) போய்விடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஸ்டீரியோவிலிருந்து இரண்டு வயர், தனித்தனியாக, புதிதாக இழுங்கள்.

திறந்த காரில் பேஸ் பற்றி அதிகம் கனவு காண வேண்டாம். கூரை இறங்கியதும் அது காற்றோடு போய்விடும். எக்ஸாஸ்ட்டும் டயரும் எழுப்பும் கீழ்ஸ்தாயிச் சத்தம் மிச்சத்தை மூடிவிடும். பெரிய சப்வூஃபரால் கிடைப்பது எடையும் செலவும்தான். குரலும் கிட்டாரும் தெளிவாகக் கேட்கும்படி அமைத்தால் அந்தக் காருக்கு அது பெரிய வெற்றி.

கிடைத்த வயரில் மின்சாரம் எடுப்பது

டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து, மின்சாரம் வரும் ஏதோ ஒரு வயரைக் கீறி இணைப்பது மிகப் பழைய பழக்கம். பிரிட்டிஷ் கார்களில் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. பழுப்பு, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இல்லாமல் நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டதும் வருவது. இக்னிஷன் காயிலுக்கும் அதுவே போகிறது. பச்சை, சாவி போட்டதும் ஃப்யூஸ் வழியாக வருவது. ஊதா, ஃப்யூஸ் வழியாக எப்போதும் இருப்பது. வெள்ளையில் ஸ்டீரியோவை மாட்டி அதில் ஏதாவது ஷார்ட் ஆனால் ஓடும் கார் நின்றுவிடும். பச்சையில் மாட்டி ஃப்யூஸ் போனால் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் சேர்ந்து போகும்.

அந்தக் கார்களின் கண்ணாடி ஃப்யூஸில் '35 ஆம்ப்' என்று எழுதியிருக்கும். அது ஃப்யூஸ் எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர். மெல்லிய ஆடியோ வயருக்கு இரண்டுமே பாதுகாப்பு இல்லை. பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு மிக அருகே அதற்கென்று ஒரு ஃப்யூஸ், சாவியோடு இயங்க ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), இதுதான் சரியான முறை. தகரத்தைத் துளைத்து வயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் வயர் அறுபடாமல் காக்கும் ரப்பர் கிராமெட் (வளையம்) வேண்டும். துளைக்கும் முன் மறுபக்கம் போய்ப் பாருங்கள்: பிரேக் பைப், பெட்ரோல் பைப், டேங்க் எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

இரைச்சலை ஃபில்டரால் மட்டும் அடக்கப் பார்ப்பது

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி வந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். ஸ்டீரியோ ஓரிடத்திலும் ஆம்ப் வேறிடத்திலும் எர்த் ஆகியிருந்தால் அந்தச் சத்தம் வரும். இரண்டையும் ஒரே புள்ளியில், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் இணையுங்கள். டிக் டிக் என்று வந்தால் இக்னிஷன்; ரெசிஸ்டர் உள்ள பிளக் வயர் போட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். கெப்பாசிட்டர் போடுவதென்றால் காயிலில் சாவிப் பக்க முனையில் போடுங்கள், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பாயிண்ட் பக்கம் வேண்டாம். டைனமோவில் என்றால், மின்சாரம் வெளிவரும் பெரிய டி முனையில். எஃப் (ஃபீல்டு) முனையில் ஒருபோதும் கூடாது.

ஃபைபர்கிளாஸ் பாடி உள்ள செவ்ரோலே கார்வெட், லோட்டஸ் எலான் போன்றவற்றில் இது இன்னும் கடினம். பாடி மின்சாரத்தைக் கடத்தாது, இக்னிஷன் இரைச்சலையும் தடுக்காது. ரேடியோவோடு விற்ற கார்வெட்களில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றி உலோக மூடி போட்டிருந்ததே அதற்காகத்தான். முன்பு யாரோ அதைக் கழற்றி வீசியிருந்தால், திரும்பத் தேடிப் போடுங்கள். இந்தக் கார்களில் எர்த்தும் வயராகவே சேஸிஸ் வரை போக வேண்டும்.

நின்றுகொண்டிருக்கும் காரை மறப்பது

புது ஸ்டீரியோ அணைத்த பிறகும் செட்டிங்கை நினைவில் வைப்பதற்காகக் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 20 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் மணி நேரம். தினமும் ஓடும் காருக்கு அது ஒன்றுமே இல்லை. வாரக்கணக்கில் மூடியே கிடக்கும் காரில், 40 ஆம்பியர் மணி பேட்டரியை ஆறு வாரத்தில் பாதியாக்கிவிடும். அந்த நிலையில் விட்டுவைத்தால் பேட்டரி சீக்கிரம் கெடும். வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி வயருக்கு நடுவே மல்டிமீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து அளந்து பாருங்கள். அதிகம் என்று தோன்றினால் நினைவு வயரையும் சாவி மின்சாரத்திலேயே இணைத்துவிடலாம். ஒவ்வொரு முறையும் செட்டிங் அழிந்துபோகும் மாடல் என்றால் அந்த வயருக்கு மட்டும் ஒரு சின்ன சுவிட்ச் போடுங்கள்.

கழற்றிய ரேடியோ, குமிழ், ஜாலி, திருகு எல்லாவற்றையும் பெயர் எழுதி ஒரே பெட்டியில் வையுங்கள். புதிதாக இழுத்த வயர்களின் நிறம், ஃப்யூஸ் அளவு, எர்த் புள்ளி மூன்றையும் ஒரு தாளில் வரைந்து, காரின் கையேட்டுக்குள் செருகிவையுங்கள்.