அக்ரிலிக்கில் துளையிட்டு மரை வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொம்பியூட்டரைத் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர வைக்கும் அமைப்புக்கான நீர்த்தொட்டியையோ, அந்தத் தண்ணீரைப் பிரித்து அனுப்பும் விநியோகத் தகட்டையோ வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால், பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் வரியும் வந்து சேரும். அதனால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு பெயர்ப்பலகைக் கடையில் தடித்த அக்ரிலிக் துண்டு வாங்கி, நாமே துளைபோட்டு மரை வெட்டலாம் என்று நினைப்பது நல்ல யோசனைதான். சரியாகச் செய்தால் கடைப் பொருளுக்குக் குறையாத ஒன்று கையில் வரும். ஆனால் அக்ரிலிக் இரும்பு மாதிரி இல்லை. துளை போடும்போது செய்த பிழை அன்றைக்கே தெரியாது. பல நாள் கழித்து, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது வெடிப்பாக வெளியே வரும்.

முதல் பிழை கடையிலேயே நடக்கிறது. அக்ரிலிக்கில் அச்சில் வார்த்தது, உருக்கி இழுத்தது என்று இரண்டு வகை. பெயர்ப்பலகைக்கு இரண்டுமே போதும். நமக்கு வார்த்த வகைதான் வேண்டும். இழுத்த வகை உள்ளே இறுக்கத்தோடு, அதாவது வெளியே தெரியாத இழுவிசையோடு பிறப்பது, சூடு பட்டதும் இளகி ட்ரில் பிட்டில் பசை போல ஒட்டிக்கொள்ளும். கேட்டு வாங்குங்கள், கடைக்காரருக்கே தெரியாவிட்டால் ஒரு ஓரத்துண்டில் துளை போட்டுப் பாருங்கள். சீவல் காய்ந்த சுருளாக உதிர்ந்தால் வாங்கலாம், குழைந்து கட்டிபிடித்தால் வேண்டாம். அதே கடையில் லேசர் மெசின் இருந்தால் துளைகளையும் அதிலேயே வெட்டித் தரச் சொல்லத் தோன்றும். மரை வெட்டப்போகும் துளைகளுக்கு அது ஆகாது. லேசர் உருக்கி வெட்டுவதால் துளையின் சுவரிலேயே இறுக்கம் தங்கிவிடும், துளையும் மேலிருந்து கீழே ஒரே அளவாக இருக்காது.

அடுத்தது அளவுக் குழப்பம். தண்ணீர்க் குழாயைத் தொட்டியோடு இணைக்கும் ஃபிட்டிங்கின் மரைக்கு ‘ஜி கால் அங்குலம்’ என்று பெயர். கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீற்றர் என்று எண்ணி பிட் வாங்கப் போனால் மோசம் போவீர்கள். அந்தப் பெயர் பழைய இரும்புக் குழாயின் உள்ளளவைக் குறிப்பது. மரையின் வெளிவிட்டம் 13.157 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 19 மரை. இதற்குப் போட வேண்டிய துளை 11.8 மில்லிமீற்றர். அந்த பிட் ஹாட்வெயாரில் கிடைக்காவிட்டால் 12 சமாளிக்கும். சுலபமாகக் கிடைக்கிறதே என்று அரை அங்குல பிட்டை, அதாவது 12.7 மில்லிமீற்றரை எடுத்தால், மரையின் முழு ஆழத்தில் ஏறத்தாழ கால்வாசிதான் மிஞ்சும். ஃபிட்டிங்கைக் கையால் திருகும்போதே அது உரிந்து வந்துவிடும்.

துளைக்குள் மரை வெட்டும் கருவியான டப் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பைப் வேலைக்காரர் வைத்திருக்கும் டப் பெரும்பாலும் நுனி ஒடுங்கி மேலே அகலும் வகை. அந்த மரை உள்ளே போகப்போக நெருக்கி அடைப்பதற்காகவே செய்யப்பட்டது. இரும்பு அந்த நெருக்கலைத் தாங்கும், அக்ரிலிக் பிளந்துவிடும். நமக்கு வேண்டியது மேலும் கீழும் ஒரே விட்டமுள்ள நேர் மரை. அமெரிக்கக் குழாய் மரை அளவான என்பிடி டப்பும் உதவாது; அதில் அங்குலத்துக்கு 18 மரை, கோணமும் வேறு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீர்க் குளிரூட்டல் ஃபிட்டிங்கில் தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, ஓ-றிங் என்ற ரப்பர் வளையம். மரை அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இது மனதில் படிந்தால் பாதிப் பிழைகள் தாமாகவே நின்றுவிடும். வீட்டுக் குழாயில் சுற்றுவது போல வெள்ளை டேப் சுற்ற வேண்டியதில்லை; சுற்றினால் மரைக்குள் தடிப்பு ஏறி அக்ரிலிக்கை வெளிப்பக்கமாகத் தள்ளும். சாவி போட்டு முறுக்கவும் வேண்டியதில்லை. கையால் திருகி, ஓ-றிங் தகட்டில் அமர்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும். ஓ-றிங் அமரும் வட்டத்தில் கீறலோ பிசிறோ இல்லாதிருப்பதுதான் முக்கியம். கை ட்ரில்லால் சாய்வாகப் போட்ட துளையில் ஓ-றிங் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் தொடவே தொடாது. ஸ்டாண்டில் பூட்டிய ட்ரில் இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்துச் செய்விக்கலாம், தப்பில்லை.

இரும்புக்கான பிட்டை அப்படியே போட்டால் அதன் கூர் விளிம்பு அக்ரிலிக்கை வெட்டுவதற்குப் பதிலாகக் கொத்தி இழுக்கும். அடிப்பக்கம் வெளியே வரும் கணத்தில் ஒரு செதில் பெயர்ந்து போவது இதனால்தான். வெட்டும் விளிம்பின் முன்முகத்தைத் தீட்டுக்கல்லில் மெல்லத் தேய்த்து, அந்தக் கொத்தும் கோணத்தை எடுத்துவிடுங்கள். துண்டுக்கு அடியில் தட்டையான பலகை வைத்து இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடியுங்கள், பாதுகாப்புத் தாளை உரிக்க வேண்டாம். வேகம் குறைவாக இருக்கட்டும். அடிக்கடி பிட்டை வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீர் விட்டு, சீவலைத் துடையுங்கள். அக்ரிலிக் 100 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும், பிட்டின் நுனி அந்தச் சூட்டைச் சில நொடியில் தொட்டுவிடும். டப்பும் அப்படித்தான்: அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. முதல் இரண்டு மூன்று சுற்றுக்குள் மூலைமட்டம் வைத்து நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு திருத்த முடியாது.

எல்லாம் நன்றாக முடிந்த பிறகு பலர் பொருளைக் கெடுப்பது துடைக்கும்போது. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ஸ்பிரிட், தின்னர், கை கழுவும் சானிடைசர் என்று கையில் அகப்பட்டதை எடுப்பார்கள். வெட்டிய இடத்தில் இறுக்கம் தங்கியிருக்கிறது. அல்ககோல் அதற்குள் ஊறி அந்த இறுக்கத்தை அவிழ்க்கும்போது, மரையின் அடியிலிருந்து வெள்ளி மயிர் போன்ற கோடுகள் கிளம்பும். சில நேரம் கண் முன்னாலேயே ஓடும். திருகாணி கழலாமலிருக்க விடும் மரைப் பசையும் இதே வேலையைச் செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் போதும். மரைக்குள் ஒளிந்திருக்கும் சீவலை மென்மையான தூரிகையால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது புரொசசரின் மேல் அமர்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் புளொக்கின் மெல்லிய வாய்க்கால்களில் போய் அடைக்கும்.

இறுக்கத்தைப் போக்க வெட்டிய துண்டை 80 பாகை அளவில் பல மணி நேரம் சூடாக்கி மிக மெதுவாக ஆறவிடுவது நல்ல முறைதான். ஆனால் வீட்டிலுள்ள அவன் அடுப்பு சூட்டை நிலையாக வைக்காது. நம்பிக்கையான வெப்பமானி இல்லையென்றால் செய்ய வேண்டாம், வளைந்த தகட்டை நிமிர்த்த முடியாது.

தொட்டியின் மூடியைப் பூட்டும் திருகாணிகளுக்கும் ஒரு சொல். கச்சான் வீசும் மாதங்களில் நம் அறையே 33, 34 பாகைக்கு ஏறும். நீர்க் குளிரூட்டல் அறைக் காற்றை விடக் கீழே போகாது என்பதால் தண்ணீர் 40ஐத் தாண்டுவதும் நடக்கும். அக்ரிலிக் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விரிவது. ஆகவே எம்4 திருகாணி கடந்துபோகும் துளை 4.5 மில்லிமீற்றராவது இருக்கட்டும். கூம்புத் தலைத் திருகாணி ஆப்பு மாதிரி பிளக்கும். தலையின் அடிப்பக்கம் தட்டையான திருகாணியும் வொஷரும் போடுங்கள், எதிரெதிராக மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

கடைசியாகச் சோதனை. மதர்போட்டுக்கும் கிராபிக்ஸ் கார்ட்டுக்கும் மின்சாரம் போகாமல், பம்பை மட்டும் தனியாக ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ வைத்து 24 மணி நேரம் விடுங்கள். பகல் சூட்டில் ஒரு தரமும் விடியற்காலையில் ஒரு தரமும் டோர்ச் அடித்து மரைகளைச் சுற்றிப் பாருங்கள். டிஷ்யூ காய்ந்திருந்தாலும் மரையடியில் ஒரு வெள்ளிக் கோடு தெரிந்தால் அந்தத் துண்டைக் கழற்றி எடுத்துவிட்டு வேறொன்று வெட்டுங்கள்.