ஜெர்மன் ராணுவப் பதக்கப் பட்டையின் உண்மைத்தன்மையை அறிவது எப்படி?

பல பதக்கங்களை ஒரே வரிசையில் கோத்து மார்பில் அணியும் பதக்கப் பட்டையை வாங்கும் முன், முன்பக்கப் பளபளப்பில் மயங்காமல் முதலில் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்புறத் துணி, ஊசி, தையல் மூன்றிலும் ஒரே காலத்தின் பழமை தெரிய வேண்டும். புற ஊதா விளக்கொளியில் நூல் நீலவெண்மையாகப் பளிச்சிட்டால், அது பிற்காலத்தில் தைக்கப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும்.

1914-ஆம் ஆண்டின் இரும்புச் சிலுவை என்ற போர்ப் பதக்கம், கருமையேற்றிய இரும்பு நடுப்பகுதியை வெள்ளிச் சட்டத்துக்குள் அடைத்துச் செய்யப்பட்டதால், பொதுவாகக் காந்தத்தில் ஒட்டும்.

பதக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே முக்கியமான சோதனை. ஜெர்மன் அதிபர் ஹிண்டன்பர்க் முதல் உலகப் போரில் பணியாற்றியோருக்காக 1934 ஜூலையில் நிறுவிய உலகப் போர் கௌரவச் சிலுவை இருந்தால், அந்தப் பட்டை அதற்குப் பின்னரே இன்றைய வடிவில் கோக்கப்பட்டிருக்கும். போர்முனை வீரருக்குரிய, கறுப்பில் வெள்ளைக் கோடிட்ட நாடாவில் தொங்கும் இரும்புச் சிலுவைக்குப் பக்கத்தில், போர்முனையில் சண்டையிடாதவருக்குரிய வாள்கள் இல்லாத கௌரவச் சிலுவை இருந்தால், காரணம் கேட்காமல் வாங்கக் கூடாது.

அடுத்தடுத்த பதக்கங்கள் பல ஆண்டுகள் உரசியதால் விளிம்புகளில் நேருக்கு நேர் படிந்த தேய்மானத்தையும், வெளியே வெளுத்து மடிப்புக்குள் நிறம் மாறாதிருக்கும் நாடாவையும் போலியாகச் செய்வது கடினம் என்பதால், விற்பவர் சொல்லும் குடும்பக் கதையைவிட இவற்றையே நான் நம்புவேன். வாங்கிய பின் மெருகேற்றவோ மறுபடி தைக்கவோ வேண்டாம். அந்தச் சான்றுகள் அழிந்துவிடும்.